ஏலக்காரரின் இரண்டாவது குரல்

மொத்தச் சந்தையில் அவரை இன்றைக்கும் ஏலக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் ஏலம் விட்டு வருஷக்கணக்காகிறது. தொண்டையில் வந்த கட்டியை எடுத்த டாக்டர்கள் குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி. அதற்கு முன்னால் அவர் பழக்கூடைகளுக்கு நடுவே மரப்பெட்டி மேல் ஏறி நின்று கூவினால், வெளியே லாரிக்குள் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். விலையை ஏற்றுவதைவிட ஆளை ஏற்றிவிடுவதில் கெட்டிக்காரர். "என்னய்யா, கையைப் பைக்குள்ளயே வச்சிருக்க? வீட்டுல தச்சி அனுப்பிட்டாங்களா?" என்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். ரோஷம் வந்து அவன் கையைத் தூக்குவான். சரக்கு அவன் தலையில் விழும்.

அப்பேர்ப்பட்ட வாய் அடைத்துப்போனது. சந்தைக்காரர்கள் பார்த்து எடைமேடையில் ஒரு வேலை கொடுத்தார்கள். லாரி ஏறி நிற்கும், எடை தெரியும், சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் தீர்ந்தது. வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதுதான் அவருக்குக் கசப்பு.

பேசுவதற்கு ஒரு லேப்டாப் இருந்தது. யாரோ ஓட்டித் தேய்த்துக் கழித்துப்போட்ட பழசு. மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண் அதில் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தாள். தட்டினால் அது பேசும். ஜலதோஷம் பிடித்த கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு குரல். ஏலக்காரர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆரம்பத்தில் ஒரு சொல்லுக்கு எழுத்துத் தேடுவதற்குள் வேர்த்துவிடும். ஆனால் அந்தப் பெட்டி அவரைக் கற்றுக்கொண்டது. இரண்டு எழுத்துத் தட்டினால் மீதியை எடுத்துக் கொடுக்கும். 'என்னய்யா' வந்தால் பின்னாலேயே 'கையைப் பைக்குள்ளயே' வரும். அவருடைய கேலி, திட்டு, கொஞ்சல் எல்லாம் அதற்கு மனப்பாடம். மனைவியைத் தனியாக இருக்கும்போது கூப்பிடுகிற பெயர் ஒற்றை எழுத்தில் வந்து நிற்கும். அதை இங்கே எழுதினால் அந்தம்மா என்னோடு சண்டைக்கு வருவார்.

ஒரு வருஷமாகப் பெட்டி தளர்ந்துபோயிருந்தது. உள்ளே இருக்கிற காற்றாடி இரையும். தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், திரையில் வட்டம் சுற்றும், மனசு வந்தால் பேசும். ஒருநாள் டீக்கடையில் ஒரு டிரைவர் டயர் வெடித்ததைச் சொல்லிப் புலம்பினார். ஏலக்காரர் பதில் தட்டினார். வட்டம் சுற்றியது. அதற்குள் பேச்சு மாறி, டிரைவர் தன் மாமியாரை ஐ.சி.யூ.வில் சேர்த்திருப்பதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டி அப்போதுதான் வாயைத் திறந்தது: "விடுய்யா, எவ்வளவு நாள்தான் ஓட்டுவ, கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டு." கடையே உறைந்துபோனது. ஏலக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து டீக்கடைக்குப் பெட்டியைக் கொண்டுபோவதில்லை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

ரிப்பேர்க் கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்.

"அண்ணே, ரீசெட் பண்ணினா குதிரை மாதிரி ஓடும். ஆனா எல்லாத்தையும் துடைச்சிடும். இந்தப் பேசுற புரோகிராம் ரொம்பப் பழசு, இப்ப எங்கயும் கிடைக்காது. புதுசா வேற ஒண்ணு போட்டுத் தரேன். குரல் வேறயா இருக்கும். உங்க வார்த்தை எதுவும் அதுக்குத் தெரியாது. போட்டோவை எடுத்து வைக்கலாம், இதை எடுக்க வழியில்ல."

ஏலக்காரர் தட்டினார். கடைக்காரர் அடுத்த ஆளின் போனைப் பிரிக்க ஆரம்பித்த பிறகு பெட்டி பேசியது: "என் தொண்டையை ஒரு தடவை அறுத்தாச்சு. போதும்."

வீட்டிலும் மனைவிக்குச் சம்மதமில்லை. "உங்க சொந்தக் குரல் எப்படி இருந்ததுன்னு யோசிச்சா இப்பல்லாம் இதுதான் காதுல வருது," என்றார் பருப்பு களைந்துகொண்டே. "இதையும் தூக்கிக் கொடுத்துட்டு எவனோ ஒருத்தன் குரலோட நான் குடித்தனம் பண்ணணுமா? மெதுவாப் பேசினா என்ன, நமக்கு எந்த ரயிலைப் பிடிக்கணும்?"

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டார்.

மகளுக்கு வேறு ஊரில் ஒரு வேலை கிடைத்தது. பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளர் வேலை. வருகிறாயா இல்லையா என்று அன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். மத்தியானம், உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நான் போகவா?"

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவர் ஏலக்காரர் ஆயிற்றே. பெற்ற பெண் முதன்முதலாக வீட்டை விட்டுப் போகக் கேட்கும்போது மாடு மாதிரித் தலையாட்ட மனசு வரவில்லை. நல்லதாக நாலு வார்த்தை சொல்ல நினைத்தார். குனிந்து தட்டினார், நீளமாகத் தட்டினார். பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அவர் பார்வை திரையை விட்டு அகலவில்லை, புருவம் சுருங்கியிருந்தது. மகள் ஒரு புடவையை மடித்தாள். இன்னொன்றை மடித்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு இஷ்டமில்ல போலிருக்கு, விடு," என்று அம்மா மெல்லச் சொன்னார். மகள் எழுந்து உள்ளே போனாள். அம்மா மடித்த துணியை அடுக்க அவள் பின்னால் போனார்.

ஏலக்காரர் பெட்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். யாருமில்லாத அறையில் அது பேசியது. "போம்மா. உன் சாமர்த்தியத்துக்கு இந்த வீடு பத்தாது. தைரியமா போ, நாங்க இருக்கோம்."

அவர் எழுந்து ஓடியபோது மகள் போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். வரமுடியாது என்று சொல்லிவிட்டாள். அவர் கையை ஆட்டினார், வாயைத் திறந்து மூடினார், அவளை இழுத்துவந்து திரையைக் காட்டினார். அவள் நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கல, தட்டினதையும் அழிச்சிட்டீங்கன்னு நினைச்சேன்பா," என்றாள். "அன்னைக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் சேரட்டுமான்னு கேட்டப்பவும் இப்படித்தான் ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க. ஃபிரெண்டோட கல்யாணத்துக்குப் போறேன்னு சொன்னப்பவும். சரி, அப்பா முகம் கொடுக்கல, வேண்டாம்னு நானே விட்டுட்டேன்."

குறையாக அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஏலக்காரருக்கு அந்தக் கிளாஸும் நினைவில்லை, கல்யாணமும் நினைவில்லை. சரி என்றுதான் தட்டியிருப்பார், பெட்டி பேசுவதற்குள் இவள் எழுந்து போயிருப்பாள். இவள் கேட்ட எதற்கு அவர் வேண்டாம் என்றிருக்கிறார்? ஒரு வருஷமாக இந்த வீட்டில் அவர் பேரில் யாரோ 'முடியாது, முடியாது' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பெண்ணும் அதைக் கேட்டு அடங்கி நடந்திருக்கிறது. தன் வாயென்று அவர் கட்டிக்கொண்டு அழுதது, அவர் சொல்லாததைச் சொல்லியிருக்கிறது.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். பெட்டியைப் பையில் வைத்தார். மனைவி வாசல்வரை வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? அவளும் நானும் பேசிக்கிறோம், நீங்க அவசரப்படாதீங்க."

அவர் நிற்கவில்லை. மனைவி பையையே பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை.

கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். "நல்லா யோசிச்சீங்களாண்ணே? அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. திட்டவும் உங்களுக்கு வார்த்தை இருக்காது." ஏலக்காரர் சிரிக்க முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை. கடைக்காரர் பெட்டியை அவர் பக்கம் திருப்பி வைத்து, கடைசியாக ஏதாவது பேசிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஏலக்காரர் ஒற்றை எழுத்தைத் தட்டினார். மனைவியின் பெயர் வந்து நின்றது. அந்நியக் கடையில் அதைப் பேசவிடுவதற்குக் கூச்சமாக இருந்தது. அழித்துவிட்டு, ஆகட்டும் என்று கையைக் காட்டினார்.

அவர் திரும்பி வந்தபோது மகள் மறுபடியும் போன் செய்திருந்தாள். இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டாயிற்று, அவள் வராவிட்டால் சொல்கிறோம் என்றார்களாம். நம்பிக்கை வைக்க முடியாத பதில். மகள் அதைச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நகத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"இது இல்லைன்னா, அந்தப் பக்கம் வேற ஆஸ்பத்திரிங்க இருக்கு. எழுதிப் போடட்டுமா?"

வட்டம் சுற்றவில்லை, அவர் இரண்டு எழுத்தைத் தட்டி விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது.

"போடு."

கனமான, இளவயது ஆண்குரல். மகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"யாரு வந்திருக்கா?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டார்.

ஏலக்காரர் விரல்களைச் சாவிகளின்மேல் வைத்தார். பெட்டி எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"நான்தான்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றார். அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.