செவ்வாய் கிரகத்தில் தாய்மாமன்

அன்றைக்கு அந்தச் செம்மண் பள்ளத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டைரக்டர். கேமராமேன், அவருடைய ஆட்கள். லைட்மேன்கள். ஜெனரேட்டர் டிரைவர். புரொடக்‌ஷன் மேனேஜர் சேகர். கதாநாயகி தியா. காஸ்ட்யூமில் நான் ஒருத்தி மட்டும். வெளியாட்களில், பள்ளத்தின் சொந்தக்காரர் தவமணி, அவர் மகன் பாண்டி, அவர்களோடு வந்த சொந்தக்காரப் பையன்கள் ஆறேழு பேர். வரவேண்டியவர்களில் வராமல் போனது டூப் போடுகிற பெண் மட்டும்தான். அவளுக்குக் காய்ச்சல். அவள் வந்திருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

வேஷம்

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மதுரையில் கோயில் பக்கத்துச் சந்தில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் போடுகிற சல்லடம், கச்சை, தலைக்கு உருமால், இதுதான் தொழில். ஒருநாள் சேகர் வந்து, விண்வெளி உடுப்பு தைக்க வேண்டும் என்றார்.

"தம்பி, நான் அதெல்லாம் பார்த்ததே இல்ல."

"யாருதான் பார்த்திருக்கா அக்கா? சாமி வேஷம் தைக்கிறீக. இதுவும் வேஷந்தான்."

அது ஒரு வெப் சீரிஸ். கதை இதுதான்: இனி வரப்போகும் ஒரு காலத்தில் செவ்வாய் கிரகத்தில் சுரங்கம் வைத்திருக்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், சுரங்கக்காரர்களிடமிருந்து தப்பி ஓடுகிறாள். படம் முழுக்க அவள் ஓட, அவர்கள் துரத்துகிறார்கள். அவள்தான் தியா.

வெள்ளை ரெக்சினும் ஃபோமும் வைத்து உடுப்பு தைத்தேன். ஓடி விழுகிற காட்சிகள் இருந்தால் ஒரே உடுப்பை நம்பி ஷூட்டிங் போகக் கூடாது. கிழிந்தால் அன்றைய வேலை போச்சு. அதனால் மாற்று உடுப்பு ஒன்று, டூப்புக்கும் ஆகும் என்று கொஞ்சம் தாராளமாகத் தைத்துக்கொண்டேன். ஹெல்மெட்டும் இரண்டு. முன்னால் கறுப்புக் கண்ணாடி, மேலே தூக்கிவிடலாம். மூடினால் உள்ளே இருப்பவர் முகம் வெளியே தெரியாது. மூச்சு முட்டாமல் இருக்க உள்ளே பேட்டரியில் ஓடும் குட்டி ஃபேன்.

பேட்டரி வெடித்தது, செல்போன் எரிந்தது என்று யாராவது சொல்லிக் கேட்டால் எனக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். அதனால் மாற்று ஹெல்மெட்டின் பேட்டரியை மட்டும் கழற்றித் தனியாக டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை ஜெனரேட்டர் வண்டியில் கொடுத்துவைப்பேன். எங்கள் காஸ்ட்யூம் வேனில் இருந்தால்தானே பயம்.

கடலைக் காடு

முதலில் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு குவாரியில் எடுப்பதாக இருந்தது. மழை பெய்து அதில் தண்ணீர் நின்றுவிட்டது. சேகர் அலைந்து திரிந்து உசிலம்பட்டிக்கு மேற்கே இந்தச் செம்மண் பள்ளத்தைப் பிடித்தார். செவ்வாய் கிரகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று டைரக்டருக்கு ஒரே சந்தோஷம்.

தியா விடியற்காலையில் வேனில் ஏறியதிலிருந்து தூக்கம். இறங்கியதும் உடுப்பை மாட்டிவிட்டேன். டைரக்டர் ரிகர்சல் கேட்டார். அவளும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பள்ளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒருமுறை ஓடினாள். வழியெல்லாம் கல். இரண்டு இடத்தில் தடுக்கியது. எனக்கு முழங்கால் பயம். "அக்கா, நான் விழுந்தா உடுப்பு கிழிஞ்சிரும்னு பயப்படுறியா, கால் ஒடிஞ்சிரும்னு பயப்படுறியா?" என்று சிரித்துக்கொண்டே வேனுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். "ரெண்டுக்கும்" என்றேன்.

அப்போது மேட்டில் ஒரு ஜீப்பும் சில பைக்குகளும் வந்து நின்றன. ஜன்னல் வழியாகப் பார்த்தவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இது எந்த ஊரு?"

சொன்னேன்.

"இது கடலைக் காடா இருந்துச்சு. எங்க மாமா காடு. தோண்டிப்புட்டாக, எனக்கு அடையாளமே தெரியல."

தியா என்பது சினிமாவுக்கு வைத்த பெயர். அவள் பெயர் பேச்சியம்மாள். மேட்டில் நின்ற தவமணி அவளுக்குத் தாய்மாமன். அவர் மகன் பாண்டிக்குத்தான் அவளைப் பேசியிருந்தார்கள். பரிசம் போட இரண்டு நாள் இருக்கும்போது வீட்டைவிட்டுக் கிளம்பியவள். அதன்பிறகு ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

"பாண்டி மச்சான் மேல எனக்குக் கோவமில்லக்கா. கல்யாணம் வேணாம், நடிக்கப் போறேன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். யாரு காதுலயும் ஏறல. இப்பப் பாத்தா கையப் புடிச்சு வண்டில ஏத்திருவாக. அம்புட்டு பேரு வந்திருக்காக பாரு."

சரி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேனிலேயே இருக்கட்டும், அவர்கள் போனபிறகு ஷாட் எடுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது இடத்தில் முதல் ஷாட்டுக்கு முன்னால் பூஜை போடுவோம். இடத்துக்காரரைக் கூப்பிட்டு, துண்டு போர்த்தி, அவர் கையால் பூசணிக்காய் உடைக்கச் சொல்வோம். இடத்துக்காரர் மனம் குளிர்ந்தால் ஷூட்டிங்குக்குத் தொந்தரவு வராது. அவரைக் குளிரவைக்கிறேன் என்று சேகர் அதற்கும் மேலே ஒன்றைச் சொல்லிவைத்திருந்தார்: கதாநாயகியோடு போட்டோ.

ஓடிப்போய் சேகரிடம் கெஞ்சினேன். காரணத்தைச் சொல்ல முடியுமா? அவர் காதில் எது விழுந்தாலும் யூனிட் முழுக்கத் தெரிந்துவிடும்.

"தம்பி, தியாவுக்குத் தல சுத்துதாம். போட்டோ வேணாம்."

"அக்கா, அய்யா பையன் பாண்டி காலைலேர்ந்து போன்ல எத்தன தடவ கேட்டுட்டாரு தெரியுமா? முடியாதுன்னா வண்டிய எடுத்துட்டுக் கெளம்புன்ருவாங்க. ரெண்டு நிமிசம் நிக்கச் சொல்லுங்க. மூஞ்சிகூடத் தெரிய வேணாம், ஹெல்மெட்டோட நின்னாப் போதும்."

அந்த ஒரு வார்த்தைதான். மூஞ்சி தெரிய வேண்டாம்.

வேனுக்குத் திரும்பினேன். பேச்சியை உடுப்புகள் தொங்கும் கம்பிக்குப் பின்னால் உட்காரவைத்தேன். மாற்று உடுப்பை எடுத்து நானே மாட்டிக்கொண்டேன். அவள் உயரம்தான் நானும். தாராளமாகத் தைத்தது நல்லதாகப் போயிற்று. மாற்று ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, வேனை வெளியே பூட்டி, சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு செவ்வாய் கிரகத்தில் நடந்தேன்.

ஹெல்மெட்டுக்குள்

பூசணிக்காய் உடைந்தது. சேகர் என்னைத் தவமணிக்கும் பாண்டிக்கும் நடுவில் நிறுத்தினார். நான்தான் உள்ளே இருக்கிறேன் என்பது சேகருக்கே தெரியாது.

"மேடம், செவ்வாய்ல டீக்கடை இருக்கா?" என்றான் பாண்டி. கூட வந்த பையன்கள் சிரித்தார்கள்.

"பேச மாட்டாகளோ?" என்றான் ஒருவன்.

"ஆக்சிசன் கம்மியா இருக்கும் மாப்ள, வாயத் தொறந்தா வீணாப் போயிரும்" என்று பாண்டியே பதிலும் சொன்னான். நல்ல பையனாகத்தான் இருந்தான். அதுவே எனக்குப் பயத்தைக் கூட்டியது. நல்ல பையன்களுக்குக் கோபம் வந்தால் எப்படியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

செல்போனை மாற்றி மாற்றிப் போட்டோ எடுத்தார்கள். வெயில் ஏறியது. அப்போதுதான் ஃபேன் ஓடவில்லை என்பது உறைத்தது. பேட்டரி டப்பா ஜெனரேட்டர் வண்டியில். என் மூச்சே கண்ணாடியில் பனிபோலப் படிந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. காதுக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும். கால் தள்ளாடியது. இங்கேயே விழுந்துவிடுவேன், கழற்றுவார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், அப்படியானால் நிஜக் கதாநாயகி எங்கே என்று வேனுக்குப் போவார்கள், பூட்டை உடைப்பார்கள் என்று மனது எங்கெங்கோ ஓடியது.

யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். "ஏ, தள்ளுங்கடா. பிள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றது ஒரு கனத்த குரல். தவமணி. மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி எனக்கு எதிரே வந்து நின்றவர், நான் தடுப்பதற்குள் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டார்.

நரைத்த மீசை, நெற்றியில் வியர்வை. அவர் முகமும் என் முகமும் ஒரு முழத் தூரத்தில். நாற்பது வயது தாண்டிய, மூக்குத்தி போட்ட தையல்காரியைக் கதாநாயகி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

"யாரும்மா நீ?" ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"டெய்லருங்க."

அவர் பார்வை என் தோளுக்கு மேலே வேன் பக்கம் போய்த் திரும்பியது. செத்தேன் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியில் இருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு பழையபடி இறக்கி மூடினார்.

"யாருப்பா அது? எங்களுக்கும் காட்டுங்க" என்றான் பாண்டி.

"யாரோ வடக்கத்திப் பிள்ளடா. நம்ம பாசை தெரியல. வெயிலு தாங்காம மயங்குது. போட்டோ எடுத்தாச்சுல்ல, நில்லுங்க இங்ஙனயே. நான் வண்டில கொண்டு விட்டுட்டு வாரேன்."

முழங்கையை விடாமல் என்னை வேன்வரை நடத்திக்கொண்டு வந்தார். பாதி வழியில் பேசினார். என்னிடம் பேசுவதுபோல இல்லை, மண்ணிடம் பேசுவதுபோல.

"நாங்க வாரப்ப ஒருக்க ஓடுச்சே, அது நீயில்ல."

சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

"இடது கால உள்ள திருப்பித் திருப்பி வச்சு ஓடுச்சு. எங்கக்கா மக அப்பிடித்தான் ஓடும். சின்னதுல கெணத்துப் படியில விழுந்து கால ஒடச்சுக்கிருச்சு. நாந்தேன் தூக்கிட்டு உசிலம்பட்டி ஆசுபத்திரிக்கு ஓடுனேன். கோணலாக் கூடிப்போச்சு."

வேன் வந்துவிட்டது. கதவின்மேல் உள்ளங்கையை வைத்தார். திறக்கச் சொல்லவில்லை. நான் சாவியை இறுக்கிப் பிடித்திருந்ததையும் பார்த்தார்.

"பாண்டிக்கு இன்னும் ஆறல. இப்பப் பாத்தான்னா நல்லா இருக்காது. ஒருநா ஆறும்." கதவைப் பார்த்தே சொன்னார்: "அவ ஆத்தா நல்லா இருக்கா. இங்ஙன கல்லு கெடக்கு. பாத்து ஓடச் சொல்லு."

திரும்பிப் போய்விட்டார். கதவைத் திறந்தேன். பேச்சி உடுப்புகளுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு வெளியே அவர் சொன்னதெல்லாம் கேட்டிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே போகக் கூடாது என்பதில் அப்போதும் கவனமாக இருந்தாள்.

தடம்

இந்தத் தொழிலுக்கு வருகிற தங்கச்சிமார்களுக்குச் சொல்கிறேன். முகத்தை மூடும் உடுப்பு எதுவானாலும், காற்றுக்கு வழி இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். பேட்டரி ஹெல்மெட்டோடு இருக்கட்டும். மாற்று உடுப்பு இல்லாமல் வண்டி ஏறாதீர்கள். நடிக்கிற பிள்ளைகள் தனியாக வந்து ஏதாவது சொன்னால், அது நம் வேனுக்குள்ளேயே இருக்கட்டும்.

இன்னொன்றும் எனக்குப் புரிந்தது. மேட்டில் நின்றவர்களில் யாரைப் பார்த்து அதிகம் பயந்தேனோ அவர்தான் அந்தக் கண்ணாடியை இறக்கி மூடினார். இதைத் தெரிந்துகொண்டதால் என் பயம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன். ஆனால் பயப்படுகிற ஆளின் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்க்கிறேன்.

அவர்கள் உடனே கிளம்பவில்லை. பேச்சிக்கு முகம் துடைத்து, மை சரிசெய்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வெளியே தவமணியின் குரல் கேட்டது.

"டேய் பாண்டி, சும்மா நின்னு வேடிக்க பாக்காதீங்கடா. அந்தத் தடத்துல கெடக்குற கல்லப் பொறுக்கிப் போடுங்கடா. பாவம், அந்தப் பிள்ள ஓடணும்ல."

"நமக்கெதுக்குப்பா அந்த வேல? கூலி தருவாகளா?"

"நம்ம எடத்துல விழுந்தா நமக்குத்தானே பழி. பொறுக்கு."

ஜன்னல் திரையை விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தோம், நானும் அவளும். பாண்டியும் பையன்களும் வரிசையாகக் குனிந்து கல் பொறுக்கினார்கள். பாண்டி ஒரு பெரிய கல்லைப் புரட்டித் தள்ளிவிட்டு, அது கிடந்த குழியில் மண்ணைப் போட்டுக் காலால் மிதித்தும் விட்டான். வேலை முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு மேடேறினார்கள். ஜீப் கிளம்பியது.

டைரக்டர் ஆக்‌ஷன் சொன்னார். பேச்சி இடது காலை உள்ளே திருப்பித் திருப்பி வைத்து, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு ஓடினாள். வழியில் ஒரு கல் இல்லை.