சகனில் என் பக்கம்

வறண்ட கச்சான் காற்று எழும்பி முற்றத்து மணல் முகத்தில் அடிக்கத் தொடங்கினால், சிவப்புச் சவுக்காரத்தின் காரமான வாசம்தான் இன்றைக்கும் எனக்கு முதலில் வரும். அதன் பின்னாலேயே, காய்ந்த பீர்க்கம் நாரால் உம்மா என் முழங்கையைத் தேய்க்கத் தேய்க்க எழும் அந்த எரிவும் வரும். கல்முனைக் கரையில் வளர்ந்த எனக்குப் பதினொரு வயதில் முழங்கைகளிலும் புறங்கைகளிலும் தோல் சிவந்து தடித்து, மீன் செதில் போல வெள்ளை வெள்ளையாக உதிரத் தொடங்கியது. ஊரில் அதற்குக் "கரப்பன்" என்று பெயர்.

உம்மாவின் கண்ணுக்கு அது ஊத்தை. செதில் இருந்தால் தண்ணீர் தோலில் படாது, தொழுகைக்கு முன் கை கால் கழுவும் வுழூச் சேராது, தொழுகை கூடாது என்ற பயத்தில் ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் என்னைத் தேய்த்துக் கழுவிவிடுவார். எண்ணெய் பூசவும் விடமாட்டார்; அதுவும் தண்ணீரைத் தடுக்குமாம். அல்லாஹ்வுக்காகத்தானே என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். தேய்த்த இடமெல்லாம் வெடித்து, இரத்தம் கசிந்து, புதிது புதிதாகப் படர்ந்ததே தவிரக் குறையவில்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு மூத்தவளான ராத்தாவின் கலியாணம் முடிவானது. எங்கள் பகுதியில் கலியாணச் சாப்பாடென்றால் "சகன்". அகன்ற ஒரே தட்டில் சோற்றைக் குவித்து, இறைச்சியும் கறிகளும் மேலே வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவது. மாமியின் மகள் மர்லியா, என் வயதுக்காரி, எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள்: "நான் இவளோட சகன்ல இருக்கமாட்டன். செதில் சோத்துல உழும்."

ராத்தாவின் கலியாணத்தில் எனக்கு மட்டும் தனிப் பீங்கானில் சோறு வைப்பார்களோ என்ற பயம் பிடித்துக்கொண்டது.

உம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது மாமியும் தானாகவே பஸ்ஸில் ஏறிக்கொண்டார். டொக்டர் அம்மா வாய் திறக்குமுன் மாமிதான் கேட்டார்: "இது ஒட்டுமா டொக்டர்? ஒளிக்காமச் சொல்லுங்க, எங்கட வூட்டுலயும் புள்ளைகள் இரிக்கி."

டொக்டர் வெறுங்கையால் என் முழங்கையைப் பிடித்துத் தடவினார். இது சொரியாசிஸ், ஒட்டாது, ஊத்தையும் இல்லை, நீங்கள் தேய்க்கிறதுதான் அதைக் கிளப்பிவிடுகிறது என்றார். முற்றாக மாறும் என்று வாக்குத் தரவில்லை. அடக்கி வைக்கலாம் என்றார். தோலில் தடித்த படைக்கு ஒரு மருந்தும், கழுவியதும் துணியால் ஒற்றி, ஈரம் காயுமுன் பூச ஒரு பசைக் களிம்பும் தந்தார்.

"அப்ப வுழூ?" என்றார் உம்மா.

சொறிக்கல்முனைப் பக்கத்துக் கிறிஸ்தவரான டொக்டர் சிரித்தார். "அத நீங்க உங்கட பள்ளியிலதான் கேக்கோணும் அம்மா."

வாப்பா பள்ளிவாசலுக்குப் போய்க் கேட்டு வந்தார். எண்ணெய்ப் பசை தண்ணீரைத் தடுக்காது, கட்டியாக மூடியிருந்தால்தான் கழுவ வேண்டும், வுழூச் செய்துவிட்டுப் பூசட்டும் என்று மௌலவி சொல்லியிருந்தார். நாவிதன்வெளியில் வயல் செய்த வாப்பா தன் பங்குக்கு உம்மாவைப் பார்த்து, "தோல் உடம்புக்கு வரம்பு புள்ள. வெடிச்ச வரம்ப ஆரும் சுரண்டுவானா? சேறு அப்பித்தானே தண்ணிய மறிக்கிற?" என்றார். உம்மா பீர்க்கம் நாரைத் தூக்கி அடுப்பில் போட்டார்.

கலியாணத்துக்குள் வெடிப்பெல்லாம் மூடி, தோல் மெத்தென்று ஆகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். சிவப்பு மட்டும் கொஞ்சம் நின்றது. மீதி வேலையை மாமியின் வாய் செய்திருந்தது; "டொக்டரே வெறுங்கையால புடிச்சவ, ஒட்டாதாம்" என்று தெருத்தெருவாகச் சொல்லி முடித்திருந்தார்.

சகன் வந்தது. நான் தயங்கித் தயங்கி ஓரத்தில் இருந்தேன். மர்லியா இடித்துக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே குந்தினாள். பிஸ்மி சொல்லி முடியவில்லை, என் முன்னால் கிடந்த கோழிக்கால் அவள் கைக்குள் போய்விட்டது.

"ஏய், அது என்ட பக்கம்!"

"சகன்ல ஆருக்குக்கா பக்கம்? யோசிச்சிட்டு இருந்தா எலும்புதான் மிச்சம்."

"ஒனக்கு முன்னால இரிக்கிறதத் தின்னு புள்ள, அதுதான் நபி காட்டின சுன்னத்து!" என்று அடுத்த சகனிலிருந்து மாமி கத்தினார். எனக்கோ, களவு போன அந்தக் கோழிக்காலைப் போல ருசியான ஒன்றை வாழ்நாளில் தின்றதாக ஞாபகமில்லை.

இன்று எங்கள் ஊர் மண்டபங்களில் வரிசையில் நின்று ஆளுக்கொரு பிளேட் எடுத்துக்கொள்கிறோம். கச்சான் காலத்தில் என் முழங்கை இன்றும் சிவக்கப் பார்க்கும். வுழூச் செய்து ஒற்றிக்கொண்டு, குழாயடியிலேயே வைத்திருக்கும் களிம்பைப் பூசி அதை அடக்கிவிடுவேன். ஆனால் பெருநாளைக்கு என் வீட்டில் சகன்தான். முழங்கால் நோகுது என்று முனகிக்கொண்டே மர்லியா பக்கத்தில் குந்துவாள். நல்ல கோழிக்காலை நானே முந்திக்கொண்டு அவள் பக்கம் தள்ளிவைப்பேன். அவள் அதை ஏறிட்டும் பார்க்காமல், என் முன்னால் கிடப்பதைத்தான் எடுப்பாள்.