பண்டமாரானில் மங்கிய மானிட்டர்

1. முதல் நாள், முதல் டெலிவரி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தனியாக ஒரு இன்ஸ்டலேஷனுக்கு அனுப்பப்பட்டவள் நான். இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் அதே கம்ப்யூட்டர் கடையின் சர்வீஸ் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் வந்து, "அக்கா, நீங்க தப்பே பண்ணதில்லையா?" என்று கேட்பார்கள். பண்ணியிருக்கிறேன். அதுவும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மணி நேரம் முடிவதற்குள் பண்ணினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. முதலாளி புஷ்பா அக்கா கடை நடுவில் ஒரு புது இருபத்தேழு இன்ச் மானிட்டரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கடையில் எந்த மானிட்டரையும் பெட்டியோடு அப்படியே கொடுத்துவிட மாட்டோம். பிரித்து, எரியவிட்டு, திரையில் புள்ளி எதுவும் செத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவோம். அந்த மானிட்டர் பளபளவென்று எரிந்தது. விளிம்பே இல்லாத புது மாடல். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

"ஸ்டெல்லா, இது கிள்ளான் பண்டமாரான்ல கோகிலாவுக்கு. ரெண்டு மணிக்கு அவளுக்கு டெஸ்ட் இருக்கு, அதுக்குள்ள மாட்டிக் குடுத்துடணும். வேன் ஸ்ரீ கெம்பாங்கான் போயிருக்கு, நீ ரயில்ல போயிடு லா. பேக் பண்ணி, பொட்டு வெச்சு எடுத்துக்கிட்டுக் கெளம்பு" என்றார் அக்கா. சொல்லிவிட்டு யாரோ கூப்பிட, போனோடு வெளியே போய்விட்டார்.

நான் கத்தோலிக்கப் பெண். தாத்தா காலத்திலிருந்து ரயில்வே குடும்பம். எங்கள் வீட்டில் புதுப் பொருள் வந்தால் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிப்பார், அவ்வளவுதான். பொட்டு எங்கே வைப்பது? யாரையாவது கேட்டிருக்கலாம். முதல் நாள் அல்லவா, கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று வெட்கம். கடையைச் சுற்றிப் பார்த்தேன். பிரிண்டரில் பொட்டு, பில் போடும் மெஷினில் பொட்டு, இன்டர்நெட் பெட்டியில்கூடப் பொட்டு. ஆக, மெஷினுக்குத்தான் பொட்டு என்று முடிவு செய்தேன்.

மானிட்டரை அணைத்தேன். திரைக்குக் கீழே, சரியாக நடுவில், விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன மேடு இருந்தது. கம்பனிக்காரனே பொட்டுக்கு இடம் விட்டு வைத்தது மாதிரி! சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக ஒரு அப்பு அப்பினேன். நடுவில் குங்குமம். நன்றாகக் காயும்வரை ஃபேன் முன்னால் வைத்திருந்து, பிறகு நுரைத்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் இறக்கினேன். அவ்வளவு அழகாக இருந்தது. எனக்கே என்மேல் ஒரு பெருமை.

2. படம் வந்தது

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறியது தனிக் கதை. பெண்கள் கோச்சில் இரண்டு பேர் எழுந்து பெட்டிக்கு இடம் கொடுத்தார்கள். நான் கடைசி வரை நின்றுகொண்டே போனேன்.

கோகிலா அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். வாசலிலேயே காத்திருந்தார். "வாம்மா வா, பசியாறிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போகும் வழியிலேயே முழுக் கதையும் சொல்லிவிட்டார். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் சாமான் செக் பண்ணும் வேலை. தொழிற்சாலை மூடிவிட்டது. அதன் பிறகு வீட்டிலிருந்தே கல்யாணப் படங்களுக்கு நிறம் திருத்தும் வேலையைக் கற்றுக்கொண்டார். சிங்கப்பூரில் ஒரு ஸ்டூடியோ அவரைக் கூப்பிட்டிருந்தது. இரண்டு மணிக்கு ஆன்லைனில் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்துப் படங்களைத் திருத்திக் காட்ட வேண்டும். பாஸ் பண்ணினால் நிரந்தர வேலை.

"லேப்டாப் ஸ்கிரீன் பாதி போச்சும்மா, கோடு கோடா வருது. அதுல எப்படி நெறம் பாக்கறது? இந்த மானிட்டர நம்பித்தான் இருக்கேன்" என்றார்.

பெட்டியைப் பிரித்தோம். பொட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அட, பூஜ பண்ணியே கொண்டு வந்துட்டீங்களா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

மாட்டினேன். நோ சிக்னல். பயப்படவில்லை. கோகிலா அக்கா எடுத்துக் கொடுத்த யூ.எஸ்.பி. சி கேபிள் அவருடைய கைப்பேசி சார்ஜர் கேபிள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் அதில் கரண்ட் மட்டும்தான் போகும், படம் போகாது. பெட்டியில் வந்த எச்.டி.எம்.ஐ. கேபிளை எடுத்துச் செருகினேன். அப்போதும் நோ சிக்னல். மானிட்டருக்குப் பின்னால் இருந்த பட்டனை அழுத்தி, இன்புட்டை எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றினேன்.

படம் வந்தது! சிவப்புக் கூறைப் புடவையில் ஒரு கல்யாணப் பெண், முழுத் திரைக்கும். ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. கோகிலா அக்கா கை தட்டிவிட்டார். நானும் தட்டினேன். மணி பன்னிரண்டு இருபது. இவ்வளவு சுலபமா இந்த வேலை என்று நினைத்தேன்.

3. "ஒண்ணும் பண்ணலக்கா"

பத்து விநாடி இருக்கும். கல்யாணப் பெண் மெல்ல மெல்ல இருட்டினாள். யாரோ கதவைச் சாத்திக்கொண்டே வருவதுபோல. சிவப்புப் புடவை அரக்கு நிறமானது, ஜரிகை காணாமல் போனது.

"என்னம்மா இது?" என்றார் கோகிலா அக்கா.

"ஒரு நிமிஷம்கா" என்றேன். அந்த ஒரு நிமிஷம் ஒரு மணி நேரத்துக்குமேல் நீண்டது.

லேப்டாப்பில் பவர் சேவிங்கை எடுத்துப் பார்த்தேன். கேபிளை மாற்றிப் பார்த்தேன். பிளக்கை எக்ஸ்டென்ஷனிலிருந்து பிடுங்கி நேராகச் சுவரில் செருகினேன். டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். மானிட்டர் மெனுவுக்குள் போனால் பிரைட்னஸ் என்ற வரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. அமுக்கினால் அசையவே இல்லை. ஃபேக்டரி ரீசெட் அடித்தேன். ஒவ்வொரு முறை மானிட்டரை அணைத்துப் போடும்போதும் பளிச்சென்று வரும். எங்கள் இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம் வரும். பத்து விநாடியில் இரண்டும் மங்கிவிடும். நாலாவது தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோகிலா அக்கா எனக்கு மிலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நீ குடிம்மா மொதல்ல" என்றார் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

வெளியே போய்ப் புஷ்பா அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"அக்கா, பேனல் போயிருச்சு போல. மங்கிக்கிட்டே போவுது."

"அலாமா! காலையில நல்லாத்தானே எரிஞ்சுச்சு. நான்தானே பாத்தேன். அதுக்கப்புறம் என்ன பண்ணுன நீ?"

"ஒண்ணும் பண்ணலக்கா."

"கீழ கீழ போட்டுட்டியா?"

"இல்லக்கா. சத்தியமா ஒண்ணும் பண்ணல."

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்த வாக்கியத்தின் மதிப்பு தெரியும். லேப்டாப்பில் தேதண்ணி ஊற்றினவரும் அதைத்தான் சொல்வார், பிரிண்டருக்குள் ஸ்டேப்ளர் பின்னை விட்டவரும் அதைத்தான் சொல்வார். அன்று நானும் சொன்னேன், மனதார நம்பிச் சொன்னேன்.

"சரி லா. வேற ஒண்ணு அனுப்பலாம்னா வேன் வர நாலு மணி ஆயிடும். நீ எதையாச்சும் பாரு" என்று வைத்துவிட்டார். நாலு மணிக்கு மானிட்டர் வந்து என்ன பிரயோஜனம்? டெஸ்ட் இரண்டு மணிக்கு.

4. ஒரு விரல் சந்தனம்

உள்ளே வந்தபோது மணி ஒன்று நாற்பது. கோகிலா அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மங்கின படத்தில் புடவையின் நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பரவால்லம்மா. பதினோரு வருஷம் கண்ண வெச்சுத்தானே பொழச்சேன். தெரியற வரைக்கும் செய்றேன்" என்றார். சொல்லிவிட்டு, மானிட்டரில் இருந்த பொட்டைத் தொட்டு, காய்ந்த சந்தனத்தில் கொஞ்சம் பெயர்த்து எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

திரை வெளுத்தது.

முழுதாக இல்லை, பாதி. ஆனால் வெளுத்தது! அவர் கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சத்தியமாக ஒரு விநாடி, சாமிதான் என்று நினைத்தேன்.

அடுத்த விநாடி, காலையில் நான் சந்தனம் அப்பிய அந்தச் சின்ன மேடு நினைவுக்கு வந்தது. குனிந்து பார்த்தேன். சந்தனம் பெயர்ந்த இடத்தில் கறுப்பாக, மிளகு அளவில் ஒரு கண்ணாடி. அதன்மேல் விரலை வைத்தேன். திரை மங்கியது. எடுத்தேன். வெளுத்தது. வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.

"அக்கா! கண்ண தொறங்க! சென்சர்கா, சென்சர்! ரூம் வெளிச்சத்தப் பாக்கற சென்சர். அத மூடிட்டோம், அதான் ரூமே இருட்டுன்னு நெனச்சுக்கிட்டு எறக்கிக்கிட்டே இருக்கு!" என்று கத்தினேன். குதித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மிலோ கொஞ்சம் கொட்டியது.

டிஷ்யூவை நனைத்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் கோகிலா அக்கா என் கையைப் பிடித்தார்.

"பொட்ட அழிக்கப் போறியா? இன்னிக்கா?"

நான் நின்றுவிட்டேன். அவருடைய டெஸ்ட் நாள், வெள்ளிக்கிழமை, பூஜை போட்டு வந்த பொருள். கத்தோலிக்கப் பெண்ணான நான் எந்த வாயால், 'அதெல்லாம் ஒன்றுமில்லை, துடைத்துவிடலாம்' என்று சொல்வது? ஆனால் துடைக்காவிட்டால் பத்துப் படமும் போச்சு. மணி ஒன்று ஐம்பது.

"அக்கா, அத நான்தான் வெச்சேன்" என்றேன். "ஐயர் யாரும் வெக்கல. எனக்கு எங்க வெக்கணும்னு தெரியல. இன்னிக்குத்தான் வேலைக்குச் சேந்தேன். என்னாலதான் இவ்ளோ நேரம் போச்சு. சோரிக்கா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். என் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார், வீடே கேட்கிற மாதிரி.

"நீ வெச்சதா! சரி, அழிக்க வேணாம். குடு இங்க." டிஷ்யூவை வாங்கி, மிச்சமிருந்த சந்தனத்தைப் பதமாக ஒற்றி எடுத்து, அத்தனையையும் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். பெரிய பொட்டு. "இப்ப இது என்கிட்டயே இருக்கு. சரிதானே?"

திரை முழுதாக எரிந்தது. சிவப்பு சிவப்பாக வந்தது.

அந்தச் சென்சரை மெனுவிலேயே அணைத்துவிடலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆட்டோ பிரைட்னஸ் ஓடிக்கொண்டிருந்ததால்தான் பிரைட்னஸ் வரி சாம்பலாகக் கிடந்திருக்கிறது. நிறம் பார்க்கும் வேலைக்கு அதை அணைத்துத்தான் கொடுக்க வேண்டும். இன்று கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அன்று தெரியாது.

5. காரணம் என்ற கட்டம்

"நீ போயிடாத. திரும்ப மங்குச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். அதனால் வெளியே கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சன்னல் வழியாக, "ஓக்கே, கேன்", "யெஸ் சார், ஐ சீ இட்" என்று அவர் குரல் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அவர் பேச்சு நின்றபோதும் என் மூச்சும் நின்றது. ஜெபமாலையைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது.

"எடுத்துக்கிட்டாங்க! திங்கக்கெழம ஆரம்பிக்கணுமாம்! ஜரிகைய வேற யாரும் இவ்ளோ சுத்தமா எடுக்கலன்னு சொன்னாங்கம்மா!"

ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தோம். அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை, நான் இரண்டும் செய்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் சொந்தப் பரீட்சை ரிசல்ட்டில்கூட வந்ததில்லை.

கடைக்குத் திரும்பியதும் புஷ்பா அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னாடி இது நெத்தியில?"

தொட்டுப் பார்த்தேன். மஞ்சளாக விரலில் ஒட்டியது. கோகிலா அக்கா கட்டிக்கொண்டபோது ஒட்டியிருக்கிறது. அப்படியே ரயிலில் வந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பெட்டி மேலதானடி வெப்போம்! நம்ம கடை சாமானுக்கு மட்டும்தான் மெஷின் மேல. கஸ்டமர் பொருள்ல யாராச்சும் சந்தனத்த அப்புவாங்களா?" திட்டத் தொடங்கியவர் பாதியில் சிரித்துவிட்டார். பிறகு ஜாப் ஷீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "எழுது."

பிரச்சினை என்ற கட்டத்தில், திரை மங்குகிறது என்று எழுதினேன். தீர்வு என்ற கட்டத்தில், சென்சர் சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. தூசி என்று எழுதியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எத்தனையோ பேருக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். கேபிளைப் பார், இன்புட்டைப் பார் என்பதெல்லாம் பிறகு. நன்றாக ஓடியது எப்போது, அதற்கப்புறம் தொட்டது யார் என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்வியை வாடிக்கையாளரிடம் கேட்பதற்குமுன் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று காலையில் நன்றாக எரிந்த பிறகு அந்த மானிட்டரைத் தொட்டது ஒரே ஒரு ஆள்.

காரணம் என்ற கட்டத்தில் 'ஸ்டெல்லா' என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, "நாளைக்கு எட்டரைக்கே வந்துடு" என்றார்.