நாலு விரற்கடை பின்னால்

என் ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் உண்டு. போலியோவில் என் இடது கால் சூம்பிவிட்டது. கக்கத்தில் கட்டை இல்லாமல் நடக்க முடியாது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. காலையில் அந்த வழிக்குப் பஸ் கிடையாது.

போன ஐப்பசியில் மழை விழுந்ததும் வண்டி சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. ஓடைப் பாலத்து வளைவில் ஹேண்டிலை ஒடித்தால் திரும்பாமல் நேரே போகும். ஒருநாள் உளுந்துக் காட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது. தம்பி ஆடிப்போனான்.

"யக்கா, வண்டிய வித்துருவோம். நானே தினமும் கொண்டுபோய் விடுதேன்" என்றான். மறுநாளிலிருந்து என் பின்னாலேயே பைக்கில் வந்தான். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலேஜ் முடிக்கும் வரை என்னை யாராவது தூக்கித்தான் பஸ்ஸில் ஏற்றினார்கள். மறுபடி அந்த மூட்டையாக ஆக நான் தயாராக இல்லை.

கோவில்பட்டியில் மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினேன். மூன்று பேரும் ஒரு ரவுண்டு போய்வந்து, "ஜம்முன்னு இருக்கு" என்றார்கள். ஒருவர், "உங்களுக்குத்தான் பயம் டீச்சர்" என்று வேறு சொன்னார். அன்று நான் விட்ட டோஸை அவர் மறந்திருக்க மாட்டார்.

கடைசியில், துணைச் சக்கரம் மாட்டிக் கொடுத்த அண்ணாச்சியிடமே சண்டைக்குப் போனேன். டிராக்டர் டிரெய்லருக்கு வெல்டிங் வைக்கிறவர். கடம்பூர் ரோட்டில் பட்டறை.

"நீங்க மாட்டுன லட்சணம், என்னைக் காட்டுக்குள்ள இறக்கிட்டு!"

அவர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இவரும் ஜம்முன்னு இருக்கு என்பார், வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். அவரோ தோள் துண்டை எடுத்து, தன் இடது காலை மடக்கித் தொடையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

"மத்தவிய ரெண்டு காலையும் ஊனி, உடம்பச் சாச்சித் திருப்பிருவாவ. நீங்க அப்படியா ஓட்டுதீங்க?"

இத்தனை வருஷத்தில் என் காலைப் பார்த்து உச்சுக் கொட்டியவர்கள் உண்டு. இப்படி யாரும் யோசித்ததில்லை.

பட்டறைக்குப் பின்னால் ஈரக் கரிசலில் ஓட்டினார். வளைத்த இடத்தில் வண்டி திரும்பவில்லை. நேரே போய் ஒரு டிரெய்லரை முட்டப் பார்த்து நின்றது. நான் கத்தியே விட்டேன். அவர் சிரித்தார்.

"டீச்சர் சொன்னது நெசந்தான்."

காலில் கட்டிய துண்டை அவிழ்த்துவிட்டுத் தடத்தின் பக்கத்தில் குந்தினார். துணைச் சக்கரங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. முன் சக்கரத் தடம் நகத்தால் கீறினமாதிரி இருந்தது.

"பாரத்தப் பூரா துணைச் சக்கரம் வாங்கிக்கிடுது. முன் சக்கரம் தரையப் பிடிக்கல, ஈரத்துல வழுக்கிட்டுப் போவுது. துணைச் சக்கரத்த நாலு விரக்கடை பின்னால தள்ளணும்" என்று நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. கக்கக் கட்டையைப் பின்னால் மாட்ட இடம் வேண்டுமென்று, கோடையில் அந்தச் சக்கரங்களை முன்னால் தள்ளி மாட்டச் சொன்னதே நான்தான். வேண்டாம் என்றவர் வாயை அடைத்ததும் நான்தான்.

"அன்னைக்கே நீங்க சொன்னீய அண்ணாச்சி. அதை ஏன் இப்ப சொல்லிக் காட்டல?"

"சொல்லிக் காட்டுனா வண்டி திரும்பிருமாக்கும்?"

புதுத் துளை போட்டு, இரண்டு பக்கமும் நூல் பிடித்து அளந்து மாட்டினார். கக்கக் கட்டைக்கு முன்பக்கம் ஒரு வளையம் வைத்தார். மறுபடி காலைக் கட்டிக்கொண்டு மூன்று தடவை ஓட்டினார். இப்போது முன் சக்கரத் தடம் எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

வீடு திரும்பும்போது தூறல். தம்பி வழக்கம்போலப் பைக்கில் பின்னாலேயே வந்தான். ஓடைப் பாலத்தில் ஹேண்டிலை ஒடித்தேன். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. கண்ணாடியில் பார்த்தேன். தம்பி பாலத்தின் மேல் பைக்கை நிறுத்திவிட்டு, நான் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவன் பைக் வாசலிலேயே நின்றது.