கருஞ்சேற்றுக்குக் கீழே

பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குத் துளை போடுகிறார்கள். ஆழத்திலிருந்து ஏறிவந்த சேற்றின் அழுகிய முட்டை நாற்றம் ஜன்னலில் நுழைகிறது. நான் மறுபடி சிறுமியாகிவிடுகிறேன்.

காயல் கரையிலிருந்த எங்கள் கொச்சங்காடி வீட்டு முற்றத்தில் அத்தா கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். முதலில் மணல் வந்தது, அடுத்து சிப்பி நொறுங்கிய மண், அதற்கும் கீழே மக்கிய மரத்துண்டுகளோடு இதே கருஞ்சேறு. அதைத் தாண்டினால் வெள்ளை மணலும் உப்பில்லாத தண்ணீரும் இருக்கும் என்று நம்பினார்.

இறங்குவதற்கு முன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார். குழியில் கெட்ட காற்று இருந்தால் அணைந்துவிடும். அன்று பாதியிலேயே அணைந்தது. மறுபடி ஏற்றினார்; மறுபடி அணைந்தது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்க வேண்டாங்க. எனக்குப் பேடியா இருக்கு."

"இந்தக் காயல் காத்துல எந்த விளக்குடி நின்னு எரியும்? உன் வாய் ஒண்ணுதான் அணையாது."

பயத்துக்கு நடுவிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடி தளர்ந்தது.

அத்தாவை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி. கயிற்றில் தொங்கியபடி, தலை மட்டும் மேலே தெரிய, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மோளே, அம்மாவ சாயா போடச் சொல்லு. வெள்ளை மணல் தட்டுனதும் ஏறி வந்துர்றேன்."