முட்டை ஒட்டிய களிசான்

செட்டிகுளம், விடிந்து கொஞ்ச நேரம். வவுனியாவிலிருந்து வான் வண்டியில் வந்த எங்கள் மீன் வளர்ப்போர் சங்கம் பண்ணைக்குள் நுழைந்ததுமே கத்தத் தொடங்குகிறது. சீமெந்துத் தொட்டியில் முழங்கை நீளக் கோய் மீன்கள் சிவப்பும் வெள்ளையுமாக ஒன்றையொன்று துரத்த, தண்ணீர் எங்கள் முகத்தில் அடிக்கிறது. முட்டையிடுகின்றன! வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் நாங்கள் ஒருவரும் இதைக் கண்டதே இல்லை.

பண்ணைக்கார யோகா அக்கா தொட்டிக்குள் நின்றபடி கூப்பிடுகிறார்.

"படம் பிடிச்சது காணும், இறங்குங்கோ! முட்டையளைக் கெதியா மற்றத் தொட்டிக்கு மாத்தாட்டி தாய் மீனே திண்டிடும்."

களிசானை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு இறங்குகிறேன். முட்டை ஒட்டுவதற்காக அக்கா மிதக்கவிட்டிருக்கும் நைலோன் கயிற்றுக் கொத்துகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கிறோம். இழையெங்கும் கடுகளவு முட்டைகள் மினுங்குகின்றன.

கரையேறும்போது அக்கா மறிக்கிறார்.

"தம்பி, நில்லுங்கோ. களிசானைப் பாருங்கோ."

மடிப்பெல்லாம் முட்டை.

"தட்டிவிடவோ அக்கா?"

"ஐயோ, வேண்டாம்! கழட்டித் தந்திட்டுப் போங்கோ, பொரிக்கட்டும்."

அவருடைய கணவரின் சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறுகிறேன். என் களிசான் மற்றத் தொட்டியில் காலை விரித்து மிதக்கிறது. அதில் பொரிக்கிற குஞ்செல்லாம் எனக்குத்தான் என்று கத்துகிறேன். சங்கத்தில் ஒருவரும் ஒத்துக்கொள்வதாயில்லை.