முறிக்கிற மாத்திரை

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. சுண்டெலிகளுக்கு ரத்தப் புற்றுநோயை ஏற்றுவோம், மருந்து போடுவோம், எது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்போம். "எலி வளக்கறதுக்கா இத்தனை படிச்சான்?" என்று ஊரில் சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பிறகு என் அக்கா மகளுக்கே அந்த நோய் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அக்காவுக்குப் புதுச்சத்திரம் பக்கம் தோட்டம். பிள்ளையைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்த காலையில், முந்தின நாள் ஏற்றிய மருந்து முடிந்து குழாயைக் கழற்றியிருந்தார்கள். அந்த மருந்து எனக்குப் பழக்கமானது. ஃபோலிக் அமிலம் என்கிற வைட்டமின் வேலை செய்யாமல் தடுத்து, நோயைப் பட்டினி போடும். நல்ல ரத்தமும் குடலும் கூடவே பட்டினி கிடக்கும். அதனால் சரியான நேரத்தில் அந்த வைட்டமினையே வேறு வடிவில் மாத்திரையாகக் கொடுத்துப் பிள்ளையை மீட்க வேண்டும்.

"மாத்திரை குடுத்தாச்சாக்கா?"

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். நர்ஸ் கொடுத்துவிட்டுப் போன மாத்திரை அப்படியே இருந்தது.

"நேத்து ஏத்துன மருந்தை இது முறிக்கும்னு டாக்டரே சொன்னாரு தம்பி. முறிக்கறத எவளாச்சும் புள்ளைக்குக் குடுப்பாளா?"

எங்கள் பக்கம் நாட்டு மருந்து சாப்பிடுகிற வீட்டுக்குள் அகத்திக்கீரையைச் சேர்க்கமாட்டார்கள். மருந்தை முறித்துவிடும், நோய் திரும்பிவிடும் என்று பயம். அந்தப் பயத்தோடுதான் அக்கா முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

"அறிவிருக்குதாக்கா உனக்கு? புள்ளைய நீயே கொன்னுருவியாட்ட இருக்குது!"

"ஏன் கத்தற? இதைக் குடுத்து, புள்ளையோட சேந்து அந்த நோவும் பொழச்சுக்கிட்டா என்ன பண்ணுவ?"

எங்கள் ஆய்வுக்கூடமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வி அது. சீக்கிரம் கொடுத்தால் நோயும் பிழைத்துக்கொள்ளும், தாமதித்தால் எலி செத்துவிடும்.

பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தணித்தேன். "தண்ணியை நிறுத்துனா களை காயும். காஞ்சதும் மடையைத் திறந்து கடலைச் செடியைக் காப்பாத்தோணும். அந்த மாதிரிக்கா."

"போடா! தண்ணி நின்னா கடலைதான் மொதல்ல வாடும். கோரை எங்க சாவுது? தோட்டத்துப் பக்கம் வந்தாத்தான தெரியும்."

அந்தப் பயத்திலும் அவளுக்கு என்னைக் கிண்டல் செய்ய முடிந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உவமையை விட்டுவிட்டு எலிகளைப் பற்றியே சொன்னேன். மருந்தோடு கூடவே கொடுத்தால் நீ பயப்படுகிற மாதிரிதான் ஆகும், நோய்க்கு அடி விழுந்த பிறகு கொடுத்தால் எலி எழுந்து தீனி தின்னும், நானே பார்த்திருக்கிறேன், இது அந்த நேரம்.

அக்கா மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தாள். "நீ தாய்மாமன். உன் கையாலயே குடு."

எத்தனையோ எலிகளுக்கு ஊசி போட்ட கை அது. அந்தக் கையால் மாத்திரையைப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனேன். "ஏனுங்க மாமா, கசக்குமா?" என்று கேட்டுக்கொண்டே பிள்ளை வாயைத் திறந்தாள். விழுங்கிவிட்டாள்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். "மாத்திரை குடுத்த அந்த எலிகளெல்லாம் பொழச்சுக்கிச்சா தம்பி?"

ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மற்றவற்றைவிடச் சில நாள் கூடுதலாக இருந்தன, அவ்வளவுதான். அந்தச் சில நாளைத்தான் நாங்கள் வெற்றி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

"பொழச்சுக்கிச்சுக்கா" என்றேன்.

பிள்ளைக்கு வாயெல்லாம் புண்ணாகி, பிறகு ஆறியது. மறுபடி மறுபடி மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா தவறாமல் மாத்திரை கொடுத்தாள். நோய் திரும்பவில்லை. சில வருஷங்கள் கழித்துப் பிள்ளை பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டு போனேன். நான் எடுத்துப் போன பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, பந்தலில் தோழிகளோடு கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது அக்கா தூக்குப்போசி நிறையக் கச்சாயப் பலகாரம் கொடுத்தாள். பிறகு உள்ளே போய்த் தனியாக ஒரு பொட்டலம் கட்டி எடுத்துவந்தாள்.

"இது எதுக்குக்கா?"

"அந்த எலிகளுக்கு, சாமி. நல்லா இருக்குதுகல்ல?"

"நல்லா இருக்குதுக்கா" என்று வாங்கிக்கொண்டேன்.